பூட்டிக் கிடக்கும் கடையில் ஊர்க் கலைக்கூடம்: சாவி எப்படிக் கிடைக்கும், சனம் எப்படி வரும்?

கேட்கப்பட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கும் விளங்கட்டும். மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் கடைத்தொகுதியின் மேல்மாடியில் சில கடைகள் நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கின்றன. நீங்கள் நான்கு பேர், ஓவியமும் சிற்பமும் படித்து முடித்தவர்கள். அதில் ஒரு கடையைச் சில வாரங்களுக்கு எடுத்து, ஊர்ச் சனம் வந்து வரையவும் செய்யவும் பார்க்கவும் ஒரு தற்காலிகக் கலைக்கூடம் நடத்த விரும்புகிறீர்கள். வாடகை எவ்வளவு கேட்பார்கள், யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும், காசு அறவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்குப் பட்டது வேறு. முன்பின் தெரியாத நான்கு இளம் ஆட்களிடம் ஒரு முதலாளி ஏன் சாவியைத் தர வேண்டும், தந்தாலும் படியேறி யார் வரப்போகிறார்கள் என்பதுதான் உங்களை உறுத்துகிறது. ஆகவே அந்த இரண்டுக்கும்தான் கூடுதலாகப் பதில் எழுதுகிறேன்.

கிழக்கில் பள்ளிக்கூட மண்டபம், நூலக விறாந்தை, வெறும் கடை என்று கிடைத்த இடங்களில் ஊராரோடு ஓவிய வேலையும் கைவேலையும் செய்து வருகிறேன். பல வருடமாகிவிட்டது. மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் கண்டதை வைத்தே சொல்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. அதனால் ஒப்பந்தம் பற்றி எழுதுவதை, கையெழுத்து வைக்க முதல் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இதற்குக் கிடைக்கும் வழிகாட்டிகள் அநேகமாக வெளிநாட்டு நகரங்களுக்கு எழுதப்பட்டவை. அவுஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் மார்கஸ் வெஸ்ட்பரி என்பவர் 2008இல் தொடங்கிய ‘ரினியூ நியூகாசில்’ அடிக்கடி கண்ணில் படும். வெறுமையாகிப்போன நகர மையத்துக் கடைகளை வாடகைக்கு எடுக்காமல், உரிமையாளர் கேட்டால் 30 நாளில் திருப்பிக் கொடுக்கும் ஒரு பாவனை அனுமதியாக வாங்கி, கலைஞர்களுக்கும் கைவினை செய்பவர்களுக்கும் கொடுத்தார்கள். அந்தப் பகுதி நமக்கு நன்றாகப் பொருந்தும். இங்கிலாந்து உதாரணங்களை மட்டும் கவனமாக எடுங்கள். அங்கே ஒரு கடை மூன்று மாதத்துக்கு மேல் வெறுமையாகக் கிடந்தால், பொதுவாக உரிமையாளரே கடைக் கட்டடத்துக்கான முழு வணிக வரியையும் கட்ட வேண்டும். பதிவு செய்த தொண்டு அமைப்பு ஒன்று அதைத் தன் வேலைக்குப் பாவித்தால் 80 வீதம் கழியும். ஆகவே சும்மா கொடுப்பதிலேயே அவருக்கு இலாபம் இருக்கிறது. நம் ஊரில் நான் கதைத்த எந்த உரிமையாளரும் சோலைவரியை, அதாவது உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டும் கட்டட வரியை, நினைத்துக் கடை தந்ததில்லை. அங்கே வரி செய்யும் வேலையை இங்கே நீங்கள் வேறு விதமாகச் செய்ய வேண்டியிருக்கும்.

நம் பக்கத்து முதலாளி மனதுக்குள் கேட்பது ஒன்றுதான்: இவர்கள் எழும்பிப் போவார்களா? இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கு இருப்பவரைப் பலமாகப் பாதுகாத்தது. கடையை மீட்க வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கிய ஒரு கதையாவது ஒவ்வொரு வர்த்தகக் குடும்பத்திலும் இருக்கும். குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவாக மீட்பதற்கு 2023இல் ஒரு புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை. இரண்டாவது பயம் சீசன். நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் என்று வரும்போது, ஒரு மாதத்துக்கு மட்டும் உடுப்பும் செருப்பும் விற்க வெளியூர் வியாபாரிகள் கையில் காசோடு வருவார்கள். நீங்கள் உள்ளே இருப்பதால் அந்தக் காசு தவறிவிடுமோ என்று அவர் யோசிப்பார். சுவரில் ஆணி, நிலத்தில் பெயின்ட், கரண்ட் பில் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அதனால் அவரைச் சந்திக்கும்போது கலையின் அருமையைச் சொல்லித் தொடங்க வேண்டாம். முதல் வசனத்திலேயே திகதியைச் சொல்லுங்கள். “ஹாஜியார், இந்தத் திங்கட்கிழமை சாவியை எடுத்து, வாற மாதம் பத்தாம் திகதி பின்னேரம் ஐந்து மணிக்கு உங்கள் கையிலேயே திருப்பித் தாறம். இடையில் யாராவது நிரந்தர வாடகைக்கு வந்தால் ஏழு நாளில் எழும்பிவிடுவோம்.” இதைக் கேட்டதும் அவர் முகம் இளகுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லுங்கள். பூட்டிக் கிடந்த ஷட்டர் திறக்கும், லைட் எரியும், மேல்மாடிக்கு ஆள் நடமாட்டம் வரும். வாடகைக்குக் கடை தேடுபவர் இருட்டில் கிடக்கும் கடையை விட வெளிச்சமான கடையை விரும்பிப் பார்ப்பார். உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆசிரியரையோ, அந்தத் தொகுதியிலேயே கடை வைத்திருப்பவரையோ கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. நம் ஊரில் கடிதத்தை விட ஆள் முகம் பெரிது.

வாடகை பற்றி ஒரே தொகையைச் சொல்ல முடியாது. நான் சொல்லும் முறை இதுதான்: வாடகை இல்லாமல் கேளுங்கள், கரண்ட், தண்ணீர்ச் செலவை நீங்களே பொறுப்பெடுங்கள், சேதத்துக்கென்று ஒரு சிறு முற்பணத்தை நீங்களாகவே முன்வந்து அவர் கையில் வையுங்கள். கேட்காமல் வைக்கும் காசு பேச்சை விட அதிகம் நம்பிக்கை தரும். சாவி வாங்கும் அன்றே கரண்ட் மீற்றரை இலக்கம் தெரியப் படமெடுங்கள். நான்கு சுவர், நிலம், சீலிங், கழிவறை எல்லாவற்றையும் படமெடுத்து அவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பழைய வெடிப்பு எது, புதிய வெடிப்பு எது என்ற சண்டை அதோடு முடிந்தது.

காகிதத்துக்கு வருவோம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். ஒரு மாதத்துக்கு உட்பட்டதற்கு அது தேவையில்லை. ஆகவே முதல் முறை 30 நாளைத் தாண்டாமல் இருப்பது உங்களுக்கும் இலகு, முதலாளிக்கும் நிம்மதி. அதையும் குத்தகை என்று எழுதாமல், குறித்த நோக்கத்துக்கு இடத்தைப் பாவிக்கும் அனுமதி என்று எழுதுவது வழக்கம். தொடங்கும் திகதி, முடியும் திகதி, வாடகையுரிமை எதுவும் கோரமாட்டோம் என்ற வசனம், பில் யார் கட்டுவது, சாவி எத்தனை, யார் யாரிடம் என்பவற்றை ஒரு பக்கத்தில் அடக்கிவிடலாம். சந்தேகத்துக்குரிய இடமும் இதில் உண்டு. மேலே அனுமதி என்று எழுதிவிட்டு மாதாமாதம் ஒரே தொகையை வாங்கினால், நீதிமன்றம் தலைப்பை விட்டு உண்மையான ஏற்பாட்டைத்தான் பார்க்கக்கூடும். அதனால்தான் 30 நாள் முடிந்ததும் வாயால் நீட்டிக்கொண்டு போக வேண்டாம் என்கிறேன். சாவியைத் திருப்பிக் கொடுத்து, புதிதாக எழுதி, திரும்ப வாங்குங்கள்.

தனியார் கட்டடம் என்பதால் உங்களுக்கு இது சுலபம். மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ சொந்தமான கடைத்தொகுதி என்றால் கதை வேறு. அந்தக் கடைகள் கேள்வி கோரலில் (டெண்டரில்) போகும், எடுத்தவர் இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுப்பதைப் பொதுவாக ஒப்பந்தமே தடுக்கும். “என்ட பேரில்தான் கடை, நீங்கள் இருங்கள்” என்று யாராவது அன்பாகச் சொன்னாலும் ஏற்க வேண்டாம், பின்னால் அவருக்குத்தான் சிக்கல். ஆணையாளரிடமோ செயலாளரிடமோ எழுத்தில் கேளுங்கள், காலம் எடுக்கும் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

அனுமதி விஷயத்தில், சும்மா வரைவதற்கும் பார்ப்பதற்கும் திறக்கும் ஒரு அறைக்குப் பெரிய தடைகளை நான் கண்டதில்லை. ஆனாலும் மூன்று கடிதம் எழுதி, கையளித்த பிரதியில் முத்திரை வாங்கி வைத்திருங்கள்: மாநகர சபைக்கு ஒன்று, பொலிஸ் நிலையத்துக்கு ஒன்று, பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தருக்கு ஒன்று. நம் பகுதியில் பத்து இளம் ஆட்கள் ஓர் இடத்தில் கூடினால் யார், எதற்கு என்று விசாரிக்க ஆள் வருவது நடக்கும். வந்தவரிடம் முத்திரை குத்திய பிரதியை நீட்டினால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். ஒலிபெருக்கி வைப்பதென்றால் பொலிஸ் அனுமதி கட்டாயம் தேவை. தேநீருக்கும் மேலாகச் சமைத்த சாப்பாடு விற்பதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலே கதையுங்கள். தூரிகை கழுவும் வாளித் தண்ணீரை ஒவ்வொரு நாளும் ஊற்றிக் கவிழ்த்துவிட்டுப் போங்கள், டெங்கு நுளம்பு பெருக அந்தத் தேங்கிய தண்ணீரே போதும்.

காலம் பார்க்காமல் திகதி கேட்காதீர்கள். கார்த்திகையிலிருந்து தை வரை நம்மிடம் வடகீழ்ப் பருவமழை. வாவி நிரம்பி வீதிக்கு ஏறும், கடதாசி ஈரத்தை உறிஞ்சி அப்பளம்போல் நெளியும். நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 11 நாள் முந்தி வரும், இப்போதைய வருடங்களில் பெப்ரவரி, மார்ச் பக்கம் விழுகிறது. அதோடு சித்திரைச் சீசனும் சேர்ந்தால் அந்தக் காலத்தில் கடை கேட்பது வீண். மே நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரைதான் கடை கிடைக்கும், மழையும் இராது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் திருவிழா வரும்போது மட்டும் சனம் எல்லாம் அமிர்தகழிப் பக்கம் போய்விடும். அந்த நாட்களில் திறந்து வைத்துக்கொண்டு மனம் சோராதீர்கள்.

ஆனால் அதே மாதங்களில்தான் கச்சான் என்ற வெக்கையான மேல்காற்று அடிக்கும். உங்கள் மேல்மாடி எனக்கு உறுத்துவது இதனால்தான். கூரை தகரமோ அஸ்பெஸ்டசோ என்றால், பகல் ஒரு மணிக்குப் பிறகு உள்ளே ஒரு பிள்ளையை இருத்தி வரைய வைக்க முடியாது. வயதானவர்கள் படியேற மாட்டார்கள், சக்கர நாற்காலியில் வருபவர் வரவே முடியாது. மேலே பெரிய கடையும் கீழே அதில் பாதி அளவுக் கடையும் கிடைக்குமென்றால், யோசிக்காமல் கீழேயுள்ளதை எடுங்கள். மேலேதான் என்றால், படியடியில் ஒரு சிறு மேசையாவது போட அனுமதி கேளுங்கள். ஷட்டரைப் பாதி இறக்கி வைக்கக் கூடாது, முழுக்க ஏற்றிவிட வேண்டும். பாதி இறங்கிய ஷட்டர் என்றால் கடை பூட்டப்போகிறார்கள் என்றுதான் சனம் நினைக்கும். பூட்டிக் கிடந்த ஷட்டருக்கு முதல் நாளே எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் தினமும் அதோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

சுவரைத் தொடாமல் படங்களைத் தொங்கவிட ஒரு நல்ல வழி சொல்கிறேன். வாவியோர மீனவர்களிடம் கிழிந்து ஒதுக்கிய நைலோன் வலை வாங்கலாம். நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் போட்டு மணத்தைப் போக்குங்கள். ஷட்டர் பெட்டியின் இரும்பிலிருந்து பின்சுவரில் ஏற்கெனவே இருக்கும் கொழுக்கி வரை ஒரு கயிறு இழுத்து, அதில் வலையைத் திரைபோல் தொங்கவிட்டு, கீழ்விளிம்பில் மூங்கில் தடி ஒன்றைக் கோத்துவிட்டால் வலை விறைப்பாக நிற்கும். உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் படங்களைக் கொழுவலாம். ஒரு பிள்ளை தன் படத்தைத் தானே எடுத்து மாற்றிக் கொழுவுவது வேறெந்த முறையிலும் இவ்வளவு சுலபமில்லை. காற்றும் போகும். இரட்டைப்பக்க டேப்பைச் சுவரில் ஒட்டவே வேண்டாம், உரிக்கும்போது டிஸ்டெம்பரும் சேர்ந்து வரும். நிலத்துக்குப் பழைய பதாகைத் துணியை மறுபக்கம் திருப்பி விரியுங்கள். திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்றுவதென்றால் கடைக்கு வெளியே ஏற்றுங்கள். உள்ளே முழுக்கக் கடதாசி, போக ஒரே வாசல். தீயணைப்பான் ஒன்றை வாசலடியில் வைத்து, நால்வரும் அதைப் பாவிக்கப் பழகியிருக்க வேண்டும். ஒரு பிளக்கில் மூன்று மின்விசிறி கொழுவ வேண்டாம், அந்தக் கடைகளின் வயரிங் பழையது.

இனிச் சனம். நகரத்துக்கு வருவோர் இரண்டு வகை, அவர்களின் நேரமும் இரண்டு. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊர்களிலிருந்து வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் உடுப்பு எடுக்கவும் பஸ்ஸில் வருபவர்கள் காலையில் வந்து, பகலோடு திரும்பிவிடுவார்கள். நகரத்தார் பின்னேரம் வெயில் தணிந்துதான் வெளிக்கிடுவார்கள். காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை, பிறகு நாலரையிலிருந்து ஏழரை வரை என்று வைத்தால் இரு பகுதியாரும் கிடைப்பார்கள், நடுப்பகல் வெக்கையும் தப்பும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தை விட்டுவிடுங்கள். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை திறக்கும் கலைக்கூடத்துக்கு நம் ஊரில் கலைஞர்களின் கூட்டாளிகள் மட்டும்தான் வருவார்கள்.

வாசலில் எட்டிப் பார்ப்பவர் “நமக்கில்லை, படிச்ச ஆக்களுக்கு” என்று நினைத்துத் திரும்புவதுதான் நான் அதிகம் கண்டது. அவரை உள்ளே இழுப்பது சுவரில் இருக்கும் படம் அல்ல. வாசலை நோக்கிப் போட்ட மேசையும், அதில் ஏற்கெனவே ஏதோ செய்துகொண்டிருக்கும் இரண்டு கையும்தான். கால் மணி நேரத்தில் முடியும் வேலையாக வையுங்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு அவ்வளவுதான் நேரம். மருதமுனைக் கைத்தறி வெட்டுத் துண்டுகளை மட்டையில் ஒட்டித் தன் வீட்டு வாசலைச் செய்வது ஒரு வேலை. ஒருமுறை தையல்கடைக்கு வந்த ஒரு அம்மா, ரவிக்கை தைத்து முடியும் வரை இருக்கிறேன் என்று கதிரையில் குந்தி, ஒதுக்கிப் போட்ட துணி விளிம்பு நூல்களை மட்டும் பொறுக்கி, வயலும் வரம்பும் நீரோடும் வாய்க்காலுமாக ஒட்டி முடித்தார். தண்ணீர் எந்த வரம்பால் எந்த வயலுக்குப் பாயும் என்பது வரை அதில் சரியாக இருந்தது. அடுத்த நாள் மகளையும் கூட்டிவந்தார். நீங்கள் தேடும் கூட்டம் இப்படித்தான் சேரும். முகநூல் பதிவால் முதல் நாள் மட்டும்தான் நிறையும்.

முதல் கிழமை அழைக்க வேண்டியவர்கள் அதே கட்டடத்தில் வேலை செய்யும் விற்பனைப் பிள்ளைகளும் கீழே நிற்கும் ஓட்டோக்காரரும். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வழி கேட்பவருக்கெல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியாரை அழைத்து, வடமோடிக் கூத்தில் ராசாவுக்குப் போடும் கரப்புடுப்பைக் கொண்டுவந்து அறை நடுவில் தொங்கவிடச் சொல்லுங்கள். அதில் மினுங்கும் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்து வரையப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். அண்ணாவியாருக்கும் பாய் பின்னிக் காட்ட வரும் அம்மாவுக்கும் நாட்கூலியும் பஸ் காசும் கட்டாயம் கொடுங்கள். உங்களிடம் காசு குறைவென்றால் நாட்களைக் குறையுங்கள், அவர்கள் கூலியைக் குறைக்காதீர்கள். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்தா அழகியல் கற்கைகள் நிறுவக மாணவர்கள் உதவிக்கு வருவார்கள், அவர்களிடம் விரிவுரையாளர் வழியாகக் கேட்பது முறை.

ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் ஒரு மேசையில் கடதாசியும் நிறமும் வைத்தால், யாராவது ஒருவர் காணாமல்போன மகனையோ கடல் கொண்டுபோன பிள்ளையையோ வரைவார். சிலர் பழைய புகைப்படத்தையே கொண்டுவந்து வைப்பார்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் இது நடக்கும். தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை மண்ணோடும் நிறத்தோடும் ஒன்றாக இருத்திய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா 1996இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, இந்த மட்டக்களப்பில்தான் தொடங்கியது. மனக்காயத்தை ஆற்றும் அவ்வகை வேலைக்குப் பழகிய ஆட்கள் தேவை, நீண்ட காலம் தேவை. நான்கு வாரக் கடையறை அதைச் செய்யும் என்று நான் நம்பவில்லை, அப்படி விளம்பரம் செய்யவும் கூடாது. உங்களால் முடிந்தது, பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு அவர் சொல்வதைக் கேட்பது. அதைப் படமெடுக்காதீர்கள், பேஸ்புக்கில் போடாதீர்கள். அந்தப் படம் தொங்க வேண்டுமா, வீட்டுக்குப் போக வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். இந்த ஒரு விஷயத்தில் நால்வரும் முதலே ஒரே முடிவுக்கு வந்திருப்பது நல்லது.

கடைசியாக, காசு. நுழைவுக் கட்டணம் வேண்டாம். டிக்கெட் வைத்தால் உள்ளூராட்சிச் சபையின் களியாட்ட வரி பற்றிய கேள்வியும் கூடவே வரும், எட்டிப் பார்த்தவரும் திரும்பிவிடுவார். உங்கள் நால்வரின் ஓவியங்களை விற்பதென்றால் விலையை எழுதித் தொங்கவிடுங்கள். விலை தெரியாவிட்டால் கேட்கக் கூச்சப்பட்டே போய்விடுவார்கள். ஊரார் செய்ததை விற்க வேண்டாம், முடிவில் அவரவரிடமே கொடுத்துவிடுங்கள். பிறிஸ்டல் போட், நிறம், பசை போன்ற சாமான்களுக்கு ஊர்க் கடைகளில் காசாகக் கேட்காமல் பொருளாகக் கேட்டால் அநேகமாகத் தருவார்கள். முதலாளி திகதிக்குச் சம்மதித்ததும் அறையின் நீளம், அகலம், ஷட்டரின் உயரம், கூரை என்ன என்று இங்கே எழுதுங்கள். வலை எவ்வளவு வேண்டும், மேசையை எந்தப் பக்கம் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.